ட்ராப் தயாரிப்பின் காலம் முடிந்ததா? அட்லாண்டாவில் பிறந்த ஒரு தாள முறை குறித்த மதிப்பீடு

கேள்வியின் எல்லை

2025 அக்டோபர் 25 தேதியிட்ட பில்போர்டு 'ஹாட் 100' தரவரிசையின் முதல் நாற்பது இடங்களுள் ஒன்றில்கூட ராப் பாடல் இடம்பெறவில்லை. 1990ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குப் பின் அமெரிக்காவின் முதன்மையான பாடல் பட்டியலில் அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2017இல், ஆர் அண்ட் பி இசையையும் ஹிப்-ஹாப்பையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்ட நீல்சன் நிறுவனம், அந்நாட்டில் மிக அதிகமாகக் கேட்கப்படும் இசைவகை அதுவே என்று முதன்முறையாக அறிவித்திருந்தது. இவ்விரு செய்திகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஹிப்-ஹாப்பின் ஒலியைப் பெருமளவு ஆண்ட தயாரிப்பு முறை 'ட்ராப்' என்பதால், சரிவுக்கான பொறுப்பும் இயல்பாகவே அதன்மீது சுமத்தப்படுகிறது. ஒரே மாதிரியான தாளம், ஒரே மாதிரியான இருண்ட மெட்டு, ஒரே மாதிரியான அடித்தொனி என்ற குற்றச்சாட்டு புதிதன்று. தரவரிசைச் செய்தி அதற்குப் புள்ளிவிவரத்தின் தோற்றத்தை வழங்கியிருக்கிறது.

இங்கே 'தயாரிப்பு' என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். திரைப்படத் துறையில் தயாரிப்பாளர் என்பவர் முதல் போடுபவர். ஹிப்-ஹாப்பிலோ அச்சொல், ராப்பரின் குரலுக்கு அடியில் ஓடும் தாளமும் மெட்டும் சேர்ந்த 'பீட்' என்னும் இசைத்தளத்தை ஆக்குபவரைக் குறிக்கும். தமிழ்த் திரையிசை வழக்கில் சொன்னால் அது இசையமைப்பாளரின் பணிக்கு நெருக்கமானது. ஆகவே ட்ராப் தயாரிப்பு ஓய்ந்ததா என்று கேட்பது, ராப் என்னும் பேச்சுக்கலை ஓய்ந்ததா என்று கேட்பதாகாது. ட்ராப் பாடல்கள் பேசிய வாழ்க்கை மறைந்ததா என்று கேட்பதும் ஆகாது. விவாதங்களில் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் ஒருவர் முடிந்தது என்பதையும் மற்றவர் தழைக்கிறது என்பதையும் ஒரே சான்றைக் காட்டி நிறுவ முடிகிறது.

இதுவரையான ஆய்வுகள் பெரும்பாலும் பொருளின் பக்கமே சாய்ந்துள்ளன. ஜஸ்டின் ஆடம்ஸ் பர்ட்டன் 2017இல் வெளியிட்ட 'போஸ்ட்ஹியூமன் ராப்' நூல், கண்ணியமானவை என்று சமூகம் ஏற்கும் மனித மாதிரிகளுக்கு அடங்க மறுக்கும் இசையாக ட்ராப்பைப் படிக்கிறது. 'என் ப்ளஸ் ஒன்' இதழில் 2018இல் வந்த ஜெஸ்ஸி மெக்கார்த்தியின் 'நோட்ஸ் ஆன் ட்ராப்' கட்டுரை, ஒரு காலத்தின் மரத்துப்போன துயரத்தை அதில் கேட்கிறது. இரண்டும் மதிப்புமிக்க வாசிப்புகளே. ஆனால் ஒலி எவ்வாறு கட்டப்பட்டது, யார் எந்தக் கருவியால் எந்த விலைக்குக் கட்டினார் என்ற கேள்விகளை முன்னிறுத்தாமல் அதன் ஆயுளை மதிப்பிட இயலாது என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

சொல்லும் வீடும்

'ட்ராப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொறி அல்லது கண்ணி என்று பொருள். அட்லாண்டா நகரப் பேச்சுவழக்கில் அது போதைப்பொருள் விற்கப்படும் வீட்டைக் குறித்தது. உள்ளே நுழைபவர், வாங்குபவராயினும் விற்பவராயினும், எளிதில் வெளியேற முடியாத இடம் என்ற உட்பொருள் அச்சொல்லில் பொதிந்திருக்கிறது. 1990களிலேயே அந்நகரத்தின் அவுட்காஸ்ட், கூடி மாப் குழுவினரின் பாடல்களில் இச்சொல் வந்துவிட்டபோதிலும், ஓர் இசைவகையின் பெயராக அது நிலைபெற 2003இல் டி.ஐ. வெளியிட்ட 'ட்ராப் மியூசிக்' தொகுப்பே காரணமாயிற்று. 2005இல் குச்சி மேனின் 'ட்ராப் ஹவுஸ்' தொகுப்பும், யங் ஜீஸியின் 'தக் மோட்டிவேஷன் 101' தொகுப்பும் அதை உறுதிப்படுத்தின.

அந்த வீடு வானத்திலிருந்து விழவில்லை. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கட்டியாக விற்கப்படும் 'கிராக்' கோக்கெய்ன் ஐந்து கிராம் கடத்தியவருக்கும், தூளாக விற்கப்படும் கோக்கெய்ன் ஐந்நூறு கிராம் கடத்தியவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையாக ஐந்தாண்டுச் சிறையை விதித்தது. முன்னது பெரும்பாலும் கறுப்பின ஏழைகளின் தெருக்களிலும் பின்னது வசதியுள்ளோரிடமும் புழங்கியதால், ஒன்றுக்கு நூறு என்ற அவ்விகிதம் நடைமுறையில் இன விகிதமாகவே இயங்கியது; 2010இல்தான் அது ஒன்றுக்குப் பதினெட்டு எனக் குறைக்கப்பட்டது. டி.ஐ.யும் ஜீஸியும் குச்சி மேனும் பாடிய உலகம் இச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தது.

பெரிதும் பேசப்படாத மற்றொரு செய்தி கட்டடங்களைப் பற்றியது. அமெரிக்காவின் முதல் பொதுக் குடியிருப்புத் திட்டமான டெக்வுட் ஹோம்ஸ் 1936இல் அட்லாண்டாவில்தான் திறக்கப்பட்டது. 1996 ஒலிம்பிக் போட்டியை ஒட்டி அதை இடிக்கத் தொடங்கிய நகர நிருவாகம், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பேங்க்ஹெட் பகுதியின் போவன் ஹோம்ஸ் உட்பட ஏழைக் குடும்பங்களுக்கான பெரிய பொதுக் குடியிருப்புகள் அனைத்தையும் தரைமட்டமாக்கியது. ட்ராப் இசை தேசியத் தரவரிசையில் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அதன் பாடல்கள் பெயர் சொல்லி அழைத்த குடியிருப்புகள் இடிந்துகொண்டிருந்தன. அதாவது, ஒலி உலகமெங்கும் பரவத் தொடங்கும் முன்பே அந்த இடம் அழியத் தொடங்கிவிட்டது. ட்ராப் தன் வேரை இழந்தது 2020களில்தான் என்று வருந்துவோர் இக்காலவரிசையைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டு காலங்களில் ஓடும் தாளம்

ட்ராப் பீட்டின் உடல் மூன்று ஒலிகளால் ஆனது. முதலாவது, '808' என்று எண்ணாலேயே அழைக்கப்படும் அடித்தொனி. ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980 முதல் 1983 வரை, ஏறத்தாழ 12,000 எண்ணிக்கையில் மட்டுமே விற்ற டிஆர்-808 என்னும் தாளப் பொறி, உண்மையான முரசின் ஒலிப்பதிவைக் கொண்டதன்று. மின்சுற்றுகளால் முரசொலியைப் போலி செய்தது. அதன் ஒலிக்குத் தேவைப்பட்ட குறைபாடுள்ள டிரான்சிஸ்டர்கள் பின்னர் கிடைக்காமல் போனது உற்பத்தி நின்றதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. வணிகத்தில் தோற்ற அப்பொறி பழைய பொருள் கடைகளுக்கு மலிவு விலையில் வந்து சேர்ந்ததும் அதைக் கறுப்பின இளைஞர் வாங்கினர். 1982இல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்', பின்னர் மயாமியின் அடித்தொனி இசை, பின்னர் மெம்ஃபிஸின் த்ரீ சிக்ஸ் மாஃபியா என்று அது தெற்கு நோக்கி இறங்கியது. ட்ராப் தயாரிப்பாளர்கள் அதன் கிக், அதாவது கால்முரசு ஒலியின் கார்வையை நீட்டி, சுருதி சேர்த்து, முரசும் பாஸ் கித்தாரும் செய்யும் இரு வேலைகளையும் அந்த ஒன்றிடமே ஒப்படைத்தனர்.

இரண்டாவது ஒலி, டிரம் தொகுதியில் காலால் மிதித்து மூடித் திறக்கும் இணைத் தட்டான ஹை-ஹாட். மூன்றாவது, ஸ்நேர் முரசு அல்லது அதற்கு ஈடான கைத்தட்டு ஒலி. இவ்விரண்டுக்கும் இடையிலான உறவில்தான் ட்ராப்பின் தனித்தன்மை அமைந்திருக்கிறது; கருநாடக இசையின் கலைச்சொற்களால் அதை மேற்கத்தியக் குறியீட்டைக் காட்டிலும் துல்லியமாக விளக்க முடியும். மென்பொருளில் நிமிடத்துக்கு 140 தட்டுகள் எனக் குறிக்கப்படும் பீட்டில் ஸ்நேர் நான்கு தட்டுக்கு ஒருமுறை, மூன்றாவது தட்டில் மட்டுமே விழுவதால், உடல் அதை 70 ஆகவே உணர்கிறது. அது விளம்ப காலம். அதே நேரத்தில் ஹை-ஹாட் துரித காலத்தில் ஓடுகிறது. சதுஸ்ர நடையில் ஓடிக்கொண்டிருப்பது திடீரென ஓர் அட்சரத்தை மூன்றாகப் பகுக்கும் திஸ்ர நடைக்குத் திரும்பி, மீண்டும் ஆறாக, எட்டாகப் பொடிந்து பழைய நடைக்கு வந்து சேர்கிறது. ராப்பர் இவ்விரு காலங்களுள் எதில் வேண்டுமானாலும் பேசலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். 2013இல் 'வெர்சாச்சி' பாடலால் மீகோஸ் குழு பரவலாக்கிய சொல்லோட்டம் திஸ்ரத்தில் அமைந்தது; மெம்ஃபிஸின் லார்டு இன்ஃபமஸ் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கையாண்டவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப்பர் ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்கத்தை மட்டும் துணையாகக் கொண்டு காணொளிகளில் பேசிக்காட்டிய வேகப் பகுப்புகள் தமிழ்ச் செவிக்கு அந்நியமாகப் படாததன் காரணமும் இந்த உறவில்தான் இருக்கிறது.

இந்த அமைப்பின் பயன் வெறும் பரபரப்பன்று. வேகமும் மந்தமும் ஒரே நேரத்தில் ஒலிப்பதால், பதற்றமும் மயக்கமும் ஒரே உடலில் இருக்கும் நிலையை அது சொற்களின் உதவியின்றி உணர்த்தியது. எச்சரிக்கையோடு விழித்திருக்க வேண்டிய ஒரு வீட்டின் இரவை அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல வேறு தாளம் அமைந்திருக்குமா என்பது ஐயமே.

பட்டறை சந்தையானது

முதல் தலைமுறைத் தயாரிப்பாளர்களான டிஜே டூம்ப், ஷாட்டி ரெட், ட்ரம்மா பாய், ஸேடோவன் ஆகியோரின் ஒலிகளை ஒன்றோடொன்று குழப்ப முடியாது. ஸேடோவன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர். புகழ்பெற்ற பின்னரும் அங்கு வாசிப்பதை விடாதவர். குச்சி மேனுக்காக அவர் அமைத்த பீட்டுகளில் ஓடும் பியானோ ஓட்டங்கள் கையால் வாசிக்கப்பட்டவை என்பது கேட்டாலே புலப்படும். ஷாட்டி ரெட்டின் பீட்டுகள் திகில் படப் பின்னணி இசைபோல் இருண்டவை. டூம்பின் பீட்டுகள் பித்தளைக் கருவிகளின் வீறு கொண்டவை.

பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் 'ஃப்ரூட்டி லூப்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டு, 2003இல் 'எஃப்.எல். ஸ்டூடியோ' எனப் பெயர் மாற்றிய மென்பொருள் இந்நிலையை மாற்றியது. விலையுயர்ந்த பொறிகளோ ஒலிப்பதிவுக் கூடமோ தேவையின்றி, வீட்டுக் கணினியில் கட்டங்களை நிரப்பித் தாளம் அமைக்க அது வழிசெய்தது; ஹை-ஹாட்டைப் பொடிப்பொடியாகப் பகுப்பது அதில் சுட்டியின் சில அசைவுகளே. வர்ஜீனியா மாநிலத்தின் சஃபக் நகரைச் சேர்ந்த, இருபது வயதை எட்டாத லெக்ஸ் லூகர் 2010இல் வாக்கா ஃப்ளாக்கா ஃப்ளேமுக்கு 'ஹார்டு இன் டா பெயின்ட்' பாடலையும் ரிக் ராஸுக்கு 'பி.எம்.எஃப்.' பாடலையும் இம்மென்பொருளால் அமைத்தார். இன்று ட்ராப் என்றவுடன் நினைவுக்கு வரும் இறுக்கமான, இடிமுழக்கம் போன்ற வடிவம் அவ்வாண்டில் உறைந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் பள்ளி மாணவராக இருந்தபோதே இணையத்தில் பீட்டுகளை அனுப்பி அட்லாண்டா ராப்பர்களின் கவனத்தைப் பெற்ற மெட்ரோ பூமின், ஃப்யூச்சரின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பான 'டிஎஸ்2' வாயிலாக அதற்கு மெல்லிய, நீர்க்கடியில் கேட்பது போன்ற ஒலியழகைச் சேர்த்தார். ஒவ்வொரு பீட்டின் தொடக்கத்திலும் தயாரிப்பாளரின் பெயரை ஒலிக்கும் குறுங்குரல் வழக்கமானதும் இக்காலத்தில்தான். கீர்த்தனையில் முத்துசாமி தீட்சிதர் பதித்த 'குருகுஹ' முத்திரையைப் போல, அது ஆக்கியவர் யாரென்று அறிவித்தது.

எளிமையான கருவி வாயிலைத் திறந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது; அதே வாயில் வழியாகத்தான் சந்தையும் நுழைந்தது. யூடியூபில் புகழ்பெற்ற ராப்பர் ஒருவரின் பெயரோடு 'டைப் பீட்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால், அவருடைய பாணியைப் போலவே அமைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பீட்டுகள் குத்தகைக்குக் கிடைக்கும் நிலை உருவாயிற்று. 2016இல் தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்த 'பாண்டா' பாடலைப் பாடிய டிசைனர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியினர். அதன் பீட்டை அமைத்த மெனஸ் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்தவர். விற்கப்பட்ட விலை 200 டாலர். கேட்டவர் பலர் அதை அட்லாண்டாவின் ஃப்யூச்சருடையது என்றே எண்ணினர். 2019இல் பத்தொன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்ற லில் நாஸ் எக்ஸின் 'ஓல்டு டவுன் ரோடு' பாடலின் பீட்டை நெதர்லாந்தின் இளைஞர் யங்கியோ, 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' குழுவின் பான்ஜோ ஒலிப்பதிவு ஒன்றின்மீது ட்ராப் தாளத்தை அமைத்து இணையச் சந்தையில் வைத்திருந்தார். அதன் குத்தகை விலை 30 டாலர். இவ்விரு பாடல்களும் அவற்றை ஆக்கியவர்களின் திறமைக்குச் சான்றுகளே. ஆயினும், ஒரு நகரத்தின் தெருக்களில் நேருக்கு நேர் போட்டியிட்டு வளர்ந்த ஒலி, எந்த ஊரிலிருந்தும் எவருடைய பெயரிலும் ஆக்கி விற்கத்தக்க சரக்காகிவிட்டதை அவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

வேலைப் பிரிவினையும் அதனுடன் சேர்ந்தே வந்தது. மெட்டுத் துணுக்கை ஒருவர் ஆக்க, தாளத்தை மற்றொருவர் சேர்க்க, மூன்றாமவர் அதை ராப்பரிடம் கொண்டுசேர்க்கும் முறை நிலைபெற்றது. 'லூப்' எனப்படும் இத்துணுக்குகளை ஆக்குவதையே தொழிலாகக் கொண்டவர்களுள் ஜெர்மனியின் இரட்டையரான க்யூபீட்ஸ் புகழ்பெற்றவர்கள். 2018இல் வெளிவந்த ட்ராவிஸ் ஸ்காட்டின் 'சிக்கோ மோடு' பாடலிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. எட்டு அளவைகளே நீளும் துணுக்கு எந்தத் தாளத்தோடும் பொருந்துமாறு பொதுவானதாக இருந்தாக வேண்டும். அவ்வாறே, எந்தத் துணுக்கோடும் பொருந்துவதற்குத் தாளமும் பொதுவானதாகிறது. ட்ராப்பின் மீதான சலிப்புக்கு ராப்பர்களின் சோம்பலையும் கேட்பவர்களின் அவசரத்தையும் காரணம் காட்டுவோர் உண்டு. முதன்மையான காரணம் இந்தத் தொழிற்சாலை முறையே என்று கொள்ள இடமிருக்கிறது.

தரவரிசை என்னும் சாட்சி

இனித் தொடக்கத்தில் குறிப்பிட்ட தரவரிசைச் செய்தியைச் சோதிக்கலாம். 2023ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் எந்த ராப் தொகுப்பும் பில்போர்டில் முதலிடம் பெறவில்லை. ஜூலையில் லில் ஊஸி வெர்ட்டின் 'பிங்க் டேப்' தொகுப்பே அவ்வறட்சியைப் போக்கியது. பாடல்களில் நிக்கி மினாஜின் 2022ஆம் ஆண்டுப் பாடலுக்குப் பின் ஓராண்டுக்கும் மேல் கடந்த பிறகுதான் டோஜா கேட்டின் 'பெயின்ட் தி டவுன் ரெட்' முதலிடத்தை எட்டியது. சரிவு மெய்யானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் தரவரிசை விதிகளால் ஆளப்படுவது. 2013 பிப்ரவரியில் யூடியூப் பார்வைகளையும் கணக்கில் சேர்க்க பில்போர்டு முடிவுசெய்த வாரத்தில், ட்ராப் தாளத்தை மின்னணு நடன இசைக்குக் கொண்டுசென்ற பாவரின் 'ஹார்லம் ஷேக்' நேராக முதலிடத்தில் நுழைந்தது. 2025இலோ, நெடுநாள் பட்டியலில் நிற்கும் பாடல்களை விரைவாக நீக்கும் புதிய விதி நடைமுறைக்கு வந்ததால் கென்ட்ரிக் லமாரும் சிஸாவும் பாடிய 'லூதர்' வெளியேற்றப்பட்ட பின்னரே முதல் நாற்பது இடங்களில் ராப் இல்லாத நிலை தோன்றியது. ஒரு விதி ஏற்றியதை மற்றொரு விதி இறக்கியிருக்கிறது.

அதனினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. தரவரிசை பாடல்களை எண்ணுகிறது, தாள முறைகளை எண்ணுவதில்லை. 2019இல் முதலிடம் பெற்ற அரியானா கிராண்டேயின் '7 ரிங்ஸ்' பாடலின் மெட்டு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசைநாடகத்திலிருந்து வந்தது. தாளம் ட்ராப்பிலிருந்து வந்தது. புவேர்ட்டோ ரிக்கோவின் பேட் பன்னி, அனுவேல் ஏஏ ஆகியோர் எசுப்பானிய மொழியில் வளர்த்தெடுத்த லத்தீன் ட்ராப் உலகின் பெருஞ்சந்தைகளுள் ஒன்றை வென்றது. ராப் பட்டியலிலிருந்து வெளியேறும்போதும் ட்ராப்பின் ஹை-ஹாட் பாப் பாடல்களுக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கலாம். எண்ணிக்கை அதைக் காட்டிக்கொடுக்காது. எனவே முடிந்தது என்று வாதிடுவோருக்கும் வாழ்கிறது என்று வாதிடுவோருக்கும் தரவரிசை நம்பத்தக்க சாட்சியன்று.

கிளைகளின் திசை

செவியால் அறியத்தக்க சான்று இதைவிடக் கனமானது. 2020 டிசம்பரில் வெளிவந்த பிளேபாய் கார்ட்டியின் 'ஹோல் லாட்டா ரெட்' தொகுப்பு ட்ராப்பின் தாளத்தை வைத்துக்கொண்டே மேலடுக்கு ஒலியைச் சிதைவின் எல்லைவரை கொண்டுசென்றது. அதிலிருந்து கிளைத்த 'ரேஜ்' பாணி இளையோரிடம் வேரூன்றியிருக்கிறது. சிகாகோவில் 2012இல் சீஃப் கீஃப், யங் சாப் வழியாக வளர்ந்த 'ட்ரில்' லண்டனுக்குச் சென்று, அங்கு 808 ஒலியை ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லச் செய்து, ஸ்நேரின் இடத்தைப் பெயர்த்து, 2019இல் பாப் ஸ்மோக்கின் குரலோடு நியூயார்க்குக்குத் திரும்பியது. அவருடைய புகழ்பெற்ற பீட்டுகளை அமைத்த 808மெலோ லண்டனைச் சேர்ந்தவர்.

இவை ட்ராப்பின் வாழ்வுக்குச் சான்றா, அதிலிருந்து விலகுவதற்குச் சான்றா என்பது விவாதத்துக்குரியது. ஸ்நேர் இடம் பெயர்ந்தபோது ட்ரில் தனித் தாள முறையாகிவிட்டது என்று கொள்வதே பொருத்தம். ஊஸி வெர்ட்டின் 2022ஆம் ஆண்டுப் பாடலான 'ஜஸ்ட் வான்னா ராக்', நியூ ஜெர்சியின் நடன இசையான ஜெர்சி கிளப்பின் துள்ளும் கால்முரசை ஏற்றது. 2024இல் கென்ட்ரிக்கின் 'நாட் லைக் அஸ்' பாடலுக்கு மஸ்டர்ட் அமைத்த பீட் கலிபோர்னியாவின் நடன மரபைச் சேர்ந்தது. ராக் மார்சியானோவும் கிரிசெல்டா குழுவினரும் முரசையே பெரும்பாலும் விலக்கிய பீட்டுகளில் பேசுகின்றனர். ஒரே பத்தாண்டில் ஹிப்-ஹாப் இத்தனை திசைகளில் ட்ராப்பை விட்டு நகர்ந்திருப்பது, கலைஞர்கள் அதன் எல்லையைத் தொட்டுவிட்டதாக உணர்ந்ததன் அடையாளம்.

முன்னர் முடிந்த ஒரு காலத்தோடு ஒப்பீடு

ஹிப்-ஹாப்பில் ஒரு தயாரிப்பு முறை முடிவுக்கு வருவது இது முதல் முறையன்று. 1987இல் வந்த எஸ்பி-1200 என்னும் பொறியால் பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகளை வெட்டி ஒட்டும் 'சாம்பிளிங்' கலை உச்சம் தொட்டது. பப்ளிக் எனிமியும் டி லா சோலும் பத்துப் பன்னிரண்டு துணுக்குகளை ஒரே பாடலில் நெய்தனர். 1991இல் பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்கில், உரிமம் பெறாத துணுக்கைத் திருட்டு எனக் கண்டித்த நீதிமன்றத் தீர்ப்பு அக்கலையின் செலவைத் தாங்க முடியாததாக்கியது. டி லா சோலின் பழைய தொகுப்புகள் உரிமைச் சிக்கல்களால் 2023 மார்ச் வரை இணைய இசைத் தளங்களுக்கே வர இயலவில்லை. சிறு துணுக்குக்கும் உரிமம் வேண்டும் என்று மற்றொரு வழக்கில் டென்னசி மாநிலத்துக்கும் பொறுப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் உறுதிசெய்தபோது, மின்னணுவியலால் தானே ஆக்கிய ஒலிகளை நம்பிய தெற்கத்தியத் தயாரிப்பு முறைக்குப் பொருளாதார அனுகூலமும் கிடைத்தது எனலாம்.

சாம்பிளிங் வெளியிலிருந்து அடிபட்டு வீழ்ந்த கலை. அதன் உள்ளாற்றல் தீர்வதற்கு முன்பே அது நிறுத்தப்பட்டது, அதனால்தான் இன்றும் அதற்குத் திரும்புவோர் புதியவற்றைக் கண்டெடுக்கின்றனர். ட்ராப்பை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 2022இல் ஃபுல்டன் மாவட்டத்தில் யங் தக் உள்ளிட்டோர்மீது தொடரப்பட்டு, பாடல் வரிகளையே சான்றாக அடுக்கிய குற்றக்கும்பல் வழக்கு அந்நகரக் கலைஞர்களை உலுக்கியது என்பதும், அதே ஆண்டில் மீகோஸின் டேக்ஆஃப் சுட்டுக் கொல்லப்பட்டது என்பதும் பெருந்துயரங்கள். ஆயினும் அவை பீட் அமைக்கும் முறையைத் தொடவில்லை. ட்ராப் தேய்ந்தது வெற்றியால். ஆக்குவது எளிதாகி, விலை 30 டாலராகி, எவருக்கும் கிடைப்பதாகி, எதனோடும் பொருந்துவதாகி, இறுதியில் இருப்பதே தெரியாத அளவுக்கு அது பொதுவானதாயிற்று.

தீர்ப்பு

ஒரு பாணி உயிரோடு இருக்கிறதா என்பதற்கு, அதைப் பயன்படுத்துவது இன்னும் ஒரு முடிவாக இருக்கிறதா என்பதே சரியான சோதனை. 2010இல் லெக்ஸ் லூகரின் தாளத்தைத் தேர்ந்தவர் ஒரு நிலைப்பாட்டை எடுத்தார். இன்று மென்பொருளைத் திறக்கும் இளைஞருக்கு ட்ராப் தாளம் முன்னிருப்பாகவே கிடைக்கிறது, அதைத் தவிர்ப்பதற்குத்தான் முடிவு தேவைப்படுகிறது. இந்த அளவுகோலின்படி, புதியவற்றை ஈன்ற இயக்கமாக ட்ராப் தயாரிப்பு 2020ஐ ஒட்டி முடிந்துவிட்டது. பொதுத் தாள மொழியாக அது நெடுங்காலம் நீடிக்கும்.

இம்முடிவுக்கு மிக வலுவான சான்று ட்ராப்பின் சொந்த வீட்டிலிருந்தே வருகிறது. 2018இல், தரவரிசையில் உச்சத்தில் இருந்தபோதே, அட்லாண்டாவில் ட்ராப்புக்கு ஓர் அருங்காட்சியகத்தை டி.ஐ. திறந்தார். 2024இல் ஃப்யூச்சரும் மெட்ரோ பூமினும் கென்ட்ரிக்கோடு சேர்ந்து முதலிடம் பெற்ற 'லைக் தட்' பாடல், 1980களின் லாஸ் ஏஞ்சலிஸ் பாடல் ஒன்றின் துணுக்கின்மீது கட்டப்பட்டது. எந்த முறைக்கு மாற்றாக ட்ராப் எழுந்ததோ அந்தச் சாம்பிளிங்குக்கே அதன் தலைசிறந்த தயாரிப்பாளர் திரும்பினார். 2025 மார்ச்சில் முதலிடம் பெற்ற பிளேபாய் கார்ட்டியின் 'மியூசிக்' தொகுப்பில் பாடல்களுக்கு நடுவே உரத்துக் கூவி அறிவிக்கும் குரல், 'மிக்ஸ்டேப்' எனப்படும் முறைசாராத் தொகுப்புகள் புழங்கிய அட்லாண்டாவின் பழைய காலத்து டிஜே ஸ்வாம்ப் இஸ்ஸோவினுடையது.